இரு துருவங்களின் நன்னீர்

1751இல் ஹென்றி எல்லிஸ் என்ற ஆங்கிலேய மாலுமி, அடிமை வணிகத்துக்கான கப்பல் ஒன்றின் தலைவராக வட அட்லாண்டிக்கில் போய்க்கொண்டிருந்தார். அவரிடம் விசித்திரமான ஒரு வாளி இருந்தது. ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற பாதிரியாரின் யோசனை அது. மேலும் கீழும் அடைப்பிதழ்கள். கயிற்றில் இறக்கும்போது நீர் ஊடே பாய்ந்து போகும், இழுக்கத் தொடங்கியதும் இதழ்கள் மூடிக்கொண்டு அந்த ஆழத்து நீரை அப்படியே பிடித்து வரும். உள்ளே ஒரு வெப்பமானி. கடக ரேகைக்குச் சற்று வடக்கே எல்லிஸ் அதை இறக்கிப் பார்த்தார். மேலே 84 டிகிரி பாரன்ஹீட். 3,900 அடி ஆழத்தில் 53. அந்தக் குளிர்ந்த நீர் குளிக்கவும், மதுவைக் குளிரவைக்கவும் உதவியதாக அவர் ஹேல்ஸுக்கு எழுதினார். கடலியலின் முக்கியமான கண்டுபிடிப்புகளில் ஒன்று இப்படி ஓர் அடிமைக் கப்பலின் விளிம்பில் நடந்தது.

கொளுத்தும் வெயிலுக்கு அடியில் இவ்வளவு குளிர்ந்த நீர் எப்படி வந்தது? அரை நூற்றாண்டு கழித்து, 1790களின் இறுதியில், ரம்ஃபோர்ட் பிரபு விடை சொன்னார்: துருவப் பக்கத்திலிருந்துதான் வந்திருக்க வேண்டும். அங்கே குளிர்ந்து கனத்து மூழ்கும் நீர் கடலடி வழியே வெப்ப மண்டலத்துக்கு ஊர்ந்து வருகிறது; அதை ஈடுகட்ட மேலே வெதுவெதுப்பான நீர் துருவத்தை நோக்கிப் போகிறது. இதற்கு வங்கக் கடலும் சாட்சி. மேற்பரப்பு ஆண்டின் பெரும்பகுதியில் 28 டிகிரி செல்சியஸை ஒட்டியிருக்க, 3,000 மீட்டருக்குக் கீழே வெப்பம் 2 டிகிரிக்கும் குறைவு. அந்தக் குளிர் தெற்கே அண்டார்டிகாவைச் சுற்றியுள்ள கடலிலிருந்து வந்தது.

துருவங்களின் பனி உருகினால் கடல் மட்டம் உயரும் என்பது எல்லோருக்கும் தெரிந்த சேதி. அந்த உருகுநீர் உப்பில்லாத நீர், அது போய்ச் சேரும் இடம் உலகக் கடல்களின் சுழற்சி தொடங்கும் இடம் என்பது அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. பேசப்படும்போதும் வட அட்லாண்டிக்கோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ஐரோப்பா உறைந்து போகுமா, எந்த ஆண்டில் உறையும் என்ற கேள்விக்கே தலைப்புச் செய்திகளில் இடம். தெற்கைப் பற்றி யாரும் அவ்வளவாகக் கேட்பதில்லை. இந்தச் சார்பு அறிவியலின் தேவையால் வந்ததல்ல என்பது என் எண்ணம். ஆய்வு நிறுவனங்களும் செய்தித்தாள்களும் எங்கே குவிந்திருக்கின்றனவோ அங்கே கவலையும் குவிந்திருக்கிறது.

உப்பின் கணக்கு

நன்னீர் 4 டிகிரியில்தான் மிக அடர்த்தி என்று பள்ளியில் படித்திருப்போம். கடல் நீருக்கு அந்த விதி பொருந்தாது. கிலோவுக்கு 35 கிராம் உப்புள்ள நீர், உறையும் வெப்பநிலையான மைனஸ் 1.8 டிகிரி வரை குளிரக் குளிர அடர்த்தி கூடிக்கொண்டே போகும். ஆகவே துருவக் கடல்களில் நீர் மூழ்குவதற்கு வெப்பநிலை ஏற்கெனவே தயார். மூழ்குமா மூழ்காதா என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் உப்புதான்.

உப்பின் வலிமையைக் காண நாம் துருவத்துக்குப் போக வேண்டியதில்லை. அரபிக் கடலும் வங்கக் கடலும் ஒரே அட்சரேகைகளில், ஒரே பருவக்காற்றின் கீழ் கிடப்பவை. அரபிக் கடலில் ஆவியாதல் மிகுதி, உப்பு கூடுதல். வங்கக் கடலில் கங்கையும் பிரம்மபுத்திராவும் ஐராவதியும் நன்னீரைக் கொட்டுகின்றன. அந்த லேசான நீர் மேலே படலமாகப் பரவி நிற்பதால் காற்று எவ்வளவு அடித்தாலும் கீழ்நீரோடு எளிதில் கலப்பதில்லை. மேற்பரப்பு வெப்பம் மேலேயே தங்குகிறது. நம் புயல்களுக்கு அதுவும் ஒரு தீனி. இதே வேறுபாட்டைப் பல மடங்கு பெரிதாக்கினால் அட்லாண்டிக்கும் பசிபிக்கும். வட பசிபிக்கின் மேல்நீரில் உப்பு குறைவு, எனவே அங்கே ஆழத்துக்கு நீர் மூழ்குவதில்லை. வட அட்லாண்டிக்கில் உப்பு அதிகம், எனவே மூழ்குகிறது.

அப்படி மூழ்கும் நீரும் அதை ஈடுகட்ட மேலே வடக்கு நோக்கிப் போகும் நீரும் சேர்ந்ததுதான் அட்லாண்டிக் மேல்-கீழ்ச் சுழற்சி. விஞ்ஞானிகள் தங்களுக்குள் 'ஏமாக்' என்கிறார்கள். அதன் சராசரி அளவு சுமார் 17 ஸ்வெர்ட்ரப். ஒரு ஸ்வெர்ட்ரப் என்றால் நொடிக்குப் பத்து லட்சம் கனமீட்டர். உலகின் எல்லா ஆறுகளும் சேர்ந்து கடலில் கொட்டுவதே ஒரு ஸ்வெர்ட்ரப்பை ஒட்டித்தான் வரும். இந்த ஓட்டம் வடக்கே சுமக்கும் வெப்பம், மனித இனம் மொத்தமாகச் செலவிடும் ஆற்றலைப் போல் ஐம்பது மடங்குக்கும் மேல்.

1961இல் ஹென்றி ஸ்டோமெல் என்ற அமெரிக்கக் கடலியலாளர் சில பக்கங்களே கொண்ட கட்டுரை ஒன்றை எழுதினார். இரண்டு தொட்டிகள், இடையே குழாய்கள், வெப்பம், உப்பு, அவ்வளவுதான் அவருடைய உலகம். அதில் அவர் காட்டியது இது: ஓட்டம் வலுவாக இருந்தால் தெற்கிலிருந்து உப்பான நீர் வந்துகொண்டே இருக்கும், உப்பு வருவதால் நீர் மூழ்கும், மூழ்குவதால் ஓட்டம் வலுவாக இருக்கும். வடக்கில் நன்னீர் சேர்ந்து ஓட்டம் தளர்ந்தால் உப்பு வரத்து குறையும். குறைந்தால் ஓட்டம் மேலும் தளரும். ஆக, ஒரே சூழலில் கடலுக்கு இரண்டு நிலைகள் சாத்தியம், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சரிந்துவிட்டால் வந்த வழியே திரும்ப முடியாது. கட்டுரை பல ஆண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1988இல் சியுகுரோ மனாபேயும் ரொனால்ட் ஸ்டோஃபரும் முழுமையான காலநிலைக் கணினி மாதிரியில் அதே இரட்டை நிலையைக் கண்ட பிறகுதான் அது வெறும் கணித விளையாட்டல்ல என்பது உறைத்தது. மனாபே 2021இல் நோபல் பரிசு பெற்றவர்.

சேற்றில் எழுதிய சான்று

இது முன்பு நடந்திருக்கிறதா? கிரீன்லாந்தின் பனியைத் துளையிட்டு எடுத்த உருளைகளும் கடலடிச் சேறும் நடந்திருக்கிறது என்கின்றன. சுமார் 12,900 ஆண்டுகளுக்கு முன், பனியுகம் முடிந்து வட அரைக்கோளம் வெதும்பிக்கொண்டிருந்த வேளையில், திடீரென்று குளிர் திரும்பியது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. வட அமெரிக்கப் பனி விரிப்பு உருகித் தேங்கிய அகாசிஸ் என்ற மாபெரும் ஏரியின் நீர் கடலுக்குப் பாய்ந்து அட்லாண்டிக் சுழற்சியைத் தளர்த்தியது என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். எந்த வழியாகப் பாய்ந்தது என்பதில்தான் சண்டை ஓயவில்லை. 8,200 ஆண்டுகளுக்கு முன் அதே ஏரியின் மிச்சம் ஹட்சன் விரிகுடா வழியே வடிந்தபோது மீண்டும் ஒரு குளிர், இம்முறை ஒன்றிரண்டு நூற்றாண்டுகள்.

இன்னும் பழையவை உண்டு. 1988இல் ஹார்ட்முட் ஹைன்ரிக் என்ற ஜெர்மானியர் வட அட்லாண்டிக்கின் அடிச்சேற்றில் குறிப்பிட்ட சில அடுக்குகளில் மட்டும் கரடுமுரடான கற்துகள்கள் செறிந்திருப்பதைக் கண்டார். கரையிலிருந்து அவ்வளவு தொலைவுக்குக் கற்களைச் சுமந்து வர மிதக்கும் பனிமலைகளால் மட்டுமே முடியும். பனி விரிப்புகள் அவ்வப்போது படைபடையாகப் பனிமலைகளைக் கடலில் விட்டிருக்கின்றன. அவை உருகி, கற்களைக் கீழே உதிர்த்து, நன்னீரை மேலே விட்டுப் போயிருக்கின்றன. சுமார் 17,500 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த அத்தகைய ஒரு கட்டத்தில் அட்லாண்டிக் சுழற்சி ஏறக்குறைய நின்றே போனது என்பதை, பெர்முடா அருகே எடுத்த சேற்றிலுள்ள கதிரியக்கத் தனிமங்களின் விகிதம் காட்டியது. அந்த ஆய்வு 2004இல் வெளிவந்தது.

நமக்கு நேரடியாகப் பொருள்படும் பக்கம் அரபிக் கடலின் சேற்றில் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று வலுவாக வீசினால் அரபிக் கடலில் அடிநீர் மேலெழுந்து நுண்ணுயிர்கள் பெருகும், அவற்றின் எச்சம் அடியில் கருஞ்சேறாகப் படியும். காற்று தளர்ந்தால் சேறு வெளிறும். பாகிஸ்தான் கரைக்கு அப்பால் எடுத்த சேற்றின் நிற மாற்றங்களைக் கிரீன்லாந்துப் பனி உருளையின் வெப்பக் கணக்கோடு பக்கத்தில் வைத்தபோது இரண்டும் ஒன்றையொன்று பின்தொடர்ந்தன. 1998இல் வந்த அந்த வரைபடத்தைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்: கிரீன்லாந்து குளிர்ந்த போதெல்லாம் இந்தியப் பருவமழை சோர்ந்திருக்கிறது. காரணம் சிக்கலானதல்ல. அட்லாண்டிக் சுழற்சி தென் அரைக்கோளத்திலிருந்து வடக்குக்கு வெப்பத்தைக் கடத்துகிறது. அது தளர்ந்தால் வடக்கு குளிர்ந்து தெற்கு வெதும்பும். வெப்ப மண்டல மழைப் பட்டை வெப்பமான பக்கம் நகரும். ஆப்பிரிக்காவின் சாஹேலும் தெற்காசியாவும் மழையில் இழக்கும்.

இந்தச் சுழற்சியை 1987இலேயே வாலஸ் புரோக்கர் என்ற அமெரிக்க விஞ்ஞானி ஒரு படத்தில் திரட்டியிருந்தார். கடல்கள் அனைத்தையும் சுற்றி வளைந்தோடும் ஒரு தொடர்பட்டை, மேலே வெந்நீர், கீழே குளிர்ந்த நீர். அந்தப் படம் எல்லாப் பாடநூல்களிலும் ஏறிவிட்டது. நல்ல படம், ஆனால் ஒரே மோட்டாரில் ஓடும் பட்டை போல, ஓரிடத்தில் தட்டினால் முழுவதும் நின்றுவிடும் என்ற எண்ணத்தையும் அது விதைத்துவிட்டது. உண்மையான கடலில் காற்று ஓட்டும் பகுதி உண்டு, சுழல்கள் உண்டு, வேறு வேறு வேகத்தில் ஓடும் அடுக்குகள் உண்டு. 2004இல் ஹாலிவுட் ஒரு படம் எடுத்து நியூயார்க்கைச் சில நாட்களில் உறைய வைத்ததற்கும் இந்தப் பட்டைக்கும் உறவு இல்லாமல் இல்லை.

எவ்வளவு நன்னீர்?

இப்போது கிரீன்லாந்துக்கு வருவோம். பரப்பு 17 லட்சம் சதுர கிலோமீட்டர், சில இடங்களில் கனம் மூன்று கிலோமீட்டருக்கு மேல். முழுவதும் உருகினால் உலகக் கடல் மட்டம் 7 மீட்டருக்கு மேல் உயரும். 2002இல் ஏவப்பட்ட கிரேஸ் என்ற இரட்டைச் செயற்கைக்கோள்கள் ஒன்றையொன்று சுமார் 220 கிலோமீட்டர் இடைவெளியில் தொடர்ந்து ஓடின. கீழே உள்ள நிறை மாறினால் ஈர்ப்பு மாறும், இடைவெளி மயிரிழை மாறும். அதிலிருந்து பனியின் எடையைக் கணக்கிட்டார்கள். 2018இல் அடுத்த இணை போனது. இவற்றின்படி கிரீன்லாந்து ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 27,000 கோடி டன் பனியை இழந்து வருகிறது. சராசரிக்கு வெளியே போகும் ஆண்டுகளும் உண்டு. 2012 ஜூலையில் சில நாட்களுக்கு ஏறக்குறைய மொத்த மேற்பரப்பும் உருகியது. 2019இல் இழப்பு 50,000 கோடி டன்னைத் தாண்டியது. 2021 ஆகஸ்ட் 14 அன்று, 3,200 மீட்டர் உயரத்திலுள்ள சம்மிட் ஆய்வு நிலையத்தில் மழை பெய்தது. அங்கே மழை பதிவானது அதுவே முதல் முறை. பனி மட்டுமே விழும் இடம் என்பதால் மழைமானி கூட அங்கே கிடையாது.

27,000 கோடி டன் என்பது நொடிக்குச் சுமார் 8,600 கனமீட்டர். கோதாவரியின் ஆண்டுச் சராசரியைப் போல் இரண்டு மடங்குக்கு மேல். ஸ்வெர்ட்ரப்பில் சொன்னால் 0.0086. இந்த எண்ணோடு சற்று நின்று பார்ப்பது நல்லது, ஏனென்றால் பயமுறுத்தும் கட்டுரைகளும் ஆறுதல் சொல்லும் கட்டுரைகளும் இதைத் தவிர்த்துவிடுகின்றன. கணினி மாதிரிகளில் சுழற்சியைச் சாய்க்க வழக்கமாகக் கொட்டப்படும் நன்னீர் 0.1 ஸ்வெர்ட்ரப், சில வேளைகளில் அதைவிடப் பல மடங்கு. கிரீன்லாந்து இன்று தருவது 0.1இல் ஏறக்குறைய பன்னிரண்டில் ஒரு பங்குதான். அப்படியானால் கவலை வேண்டாமா? அவசரப்படக் கூடாது. கிரீன்லாந்து மட்டும் நன்னீரைத் தரவில்லை. ஆர்க்டிக் கடல் பனி உருகுகிறது, சைபீரிய ஆறுகளின் வரத்தும் வடக்கில் மழையும் கூடியிருக்கின்றன. வெதும்பும் காற்று மேல்நீரைக் குளிரவிடாமல் தடுக்கிறது. எல்லாம் ஒரே திசையில் தள்ளுகின்றன.

மேலும் நன்னீர் எவ்வளவு என்பதைப் போலவே எங்கே போகிறது என்பதும் முக்கியம். உருகுநீரில் பெரும்பகுதி கிரீன்லாந்தின் கரையை ஒட்டிய குறுகிய நீரோட்டங்களில் சிக்கி, லாப்ரடார் கரையோரமாகத் தெற்கே போய்விடுகிறது. நடுக்கடலில் நீர் மூழ்கும் இடத்தை அது உடனே எட்டுவதில்லை. எட்டினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. 1960களின் இறுதியில் ஆர்க்டிக்கிலிருந்து வழக்கத்துக்கு மீறிய கடல் பனியும் நன்னீரும் வெளியேறி, வட அட்லாண்டிக்கைப் பத்தாண்டுகளுக்கு மேல் வலம் வந்தன. 'பெரும் உப்புக் குறைபாடு' என்று பெயர் பெற்ற அந்தக் காலத்தில், 1969 முதல் மூன்று குளிர்காலங்கள் லாப்ரடார் கடலில் ஆழமான மூழ்கல் ஏறக்குறைய நடக்கவேயில்லை. பிறகு ஒரு கடுங்குளிர் வந்து அது மீண்டது.

லாப்ரடார் கடல்தான் சுழற்சியின் இதயம் என்பது பல பத்தாண்டுகளாக இருந்த நம்பிக்கை. 2014இல் கனடாவிலிருந்து கிரீன்லாந்து வழியே ஸ்காட்லாந்து வரை கடலில் கருவிகளைக் கட்டி இறக்கினார்கள். 2019இல் சூசன் லோசியர் தலைமையில் முதல் முடிவுகள் வந்தபோது, மேல்-கீழ்ச் சுழற்சியில் பெரும்பங்கு கிரீன்லாந்துக்குக் கிழக்கேதான் நடக்கிறது, லாப்ரடாரின் பங்கு சிறியது என்று தெரிந்தது. உருகுநீர் எங்கே விழுந்தால் ஆபத்து என்று போட்டுவைத்திருந்த கணக்குகளைத் திருப்பிப் பார்க்க வேண்டியதாயிற்று.

அளப்பதில் உள்ள வம்பு

சுழற்சி உண்மையிலேயே தளர்கிறதா? 2005இல் ஹாரி பிரைடனும் சகாக்களும், 1957 முதல் 2004 வரை ஐந்து கப்பல் பயணங்களில் எடுத்த அளவுகளை ஒப்பிட்டு, சுழற்சி 30 சதவீதம் குறைந்துவிட்டதாக எழுதினார்கள். உலகம் முழுக்கச் செய்தி. அதற்கு முந்தைய ஆண்டுதான் 26.5 டிகிரி வட அட்சரேகையில், ஆப்பிரிக்கக் கரையிலிருந்து பஹாமாஸ் வரை, 'ரேப்பிட்' என்ற நிரந்தரக் கருவி வரிசை இறக்கப்பட்டிருந்தது. அதன் முதல் ஓராண்டுக் கணக்கு 2007இல் வந்தது: அந்த ஓராண்டிலேயே சுழற்சி 4 ஸ்வெர்ட்ரப்புக்கும் 35 ஸ்வெர்ட்ரப்புக்கும் இடையே ஊசலாடியிருக்கிறது. ஐந்து வெவ்வேறு ஆண்டுகளில் ஒவ்வொரு நாள் மெரினாவில் வெயில் பார்த்துவிட்டுச் சென்னையின் காலநிலை மாறிவிட்டது என்று சொன்னதைப் போலாயிற்று பழைய முடிவு. பிரைடனைக் குறை சொல்வதற்கில்லை. ரேப்பிட்டை இறக்கியவர்களில் அவரும் ஒருவர்.

ரேப்பிட்டின் ஒரு பாகம் மிக அழகானது. புளோரிடாவுக்கும் பஹாமாஸுக்கும் இடையே கடலடியில் ஒரு பழைய தொலைபேசிக் கம்பி கிடக்கிறது. உப்பு நீர் மின்சாரத்தைக் கடத்தும். அது பூமியின் காந்தப்புலத்தின் ஊடே ஓடும்போது கம்பியில் சிறு மின்னழுத்தம் தோன்றும். அதை அளந்து 1982 முதல் புளோரிடா நீரோட்டத்தின் பெருக்கைக் கணக்கிட்டு வந்தார்கள். ஓட்டம் மெல்லக் குறைவதாகக் கம்பி சொன்னது. ஆனால் பூமியின் காந்தப்புலமும் இந்த நாற்பது ஆண்டுகளில் மெல்ல மாறியிருக்கிறதே! அந்தத் திருத்தத்தைச் செய்து 2024இல் மறுபடி கணக்கிட்டபோது புளோரிடா நீரோட்டம் நாற்பது ஆண்டுகளாகக் கிட்டத்தட்ட மாறாமலே இருப்பது தெரிந்தது. அதனால் ஏமாக்கின் தளர்ச்சிக் கணக்கும் கொஞ்சம் சிறுத்தது.

நேரடி அளவு இருபது ஆண்டுகள்தான் என்பதால் மற்றவர்கள் மறைமுகச் சான்றுகளைத் தேடுகிறார்கள். உலகம் முழுவதும் வெதும்பும்போது கிரீன்லாந்துக்குத் தெற்கே ஒரு திட்டு மட்டும் வெதும்பாமல் குளிர்ந்து கிடக்கிறது. வெப்ப வரத்து குறைந்ததன் கைரேகை அது என்று வாதிடும் ஸ்டெஃபான் ராம்ஸ்டார்ஃப் குழுவினர், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து சுழற்சி சுமார் 15 சதவீதம் தளர்ந்திருப்பதாக 2018இல் மதிப்பிட்டார்கள். 2025இல் வந்த மற்றோர் ஆய்வு, கடலுக்கும் காற்றுக்கும் இடையிலான வெப்பப் பரிமாற்றத்தைக் கொண்டு, அறுபது ஆண்டுகளாகத் தளர்ச்சியே இல்லை என்றது. இரு தரப்பிலும் தேர்ந்தவர்கள் இருக்கிறார்கள்.

எதிர்காலத்தைப் பற்றிய சண்டை இன்னும் சூடானது. கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் பீட்டர், சுசான் டிட்லெவ்சன் உடன்பிறப்புகள் 2023இல், கடல் மேற்பரப்பு வெப்பத்தின் ஏற்ற இறக்கங்களை வைத்து, 2025க்கும் 2095க்கும் இடையே சுழற்சி சாயும் என்று தேதியே குறித்துவிட்டார்கள். 2024இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் குழு, முழுமையான கணினி மாதிரி ஒன்றில் நன்னீரை மிக மெல்லக் கூட்டிக்கொண்டே போய், 1,700 மாதிரி ஆண்டுகளுக்குப் பின் சுழற்சி சரிவதைக் காட்டியது. அப்போது கொட்டிக்கொண்டிருந்த நன்னீர் சுமார் 0.5 ஸ்வெர்ட்ரப், கிரீன்லாந்தின் இன்றைய இழப்பைப் போல் ஐம்பது மடங்குக்கு மேல். 2025இல் பிரிட்டிஷ் வானிலை அலுவலகத்தைச் சேர்ந்த ஜொனாதன் பேக்கரும் சகாக்களும், 34 மாதிரிகளில் எவ்வளவு கடுமையாகச் சோதித்தாலும் இந்த நூற்றாண்டுக்குள் சுழற்சி முழுதாக நிற்பதில்லை என்றார்கள். தென் கடலில் வீசும் காற்று ஆழத்து நீரை மேலே இழுத்துக்கொண்டே இருப்பதால் தளர்ந்த ஓட்டமாவது மிஞ்சுகிறது.

டிட்லெவ்சன்களின் தேதியை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஒரே ஒரு வெப்பத் தொடரிலிருந்து அவ்வளவு துல்லியம் பிழிய முடியாது. ஆனால் மாதிரிகள் தரும் ஆறுதலிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. ஐநாவின் காலநிலைக் குழு பயன்படுத்தும் மாதிரிகளில் பெரும்பாலானவற்றில் பனி விரிப்புகள் உருகுவதே கிடையாது. கிரீன்லாந்தும் அண்டார்டிகாவும் அவற்றில் வெறும் வெள்ளைத் திடல்கள். உருகுநீர் சுழற்சியைத் தளர்த்துமா என்று கேட்டால், உருகுநீரே இல்லாத கணக்கிலிருந்து விடை வருகிறது. 2013 அறிக்கையில் 2100க்கு முன் சுழற்சி சாய்வதற்கு வாய்ப்பு 'மிகக் குறைவு' என்று எழுதிய அதே குழு, 2021இல் சாயாது என்பதில் 'நடுத்தர நம்பிக்கை' மட்டுமே இருப்பதாகக் குறைத்துக்கொண்டது. தளரும் என்பதில் அதற்குச் சந்தேகமில்லை.

முழுதாக நிற்காமல் தளர்ந்தாலே என்ன ஆகும் என்பதை ஒருமுறை பார்த்தாயிற்று. 2009-10இல் சுழற்சி ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்து, ஓராண்டுக்குப் பின் மீண்டது. அந்தக் குளிர்காலம் வட ஐரோப்பாவுக்குக் கடுமையாக இருந்தது. நியூயார்க்குக்கு வடக்கே அமெரிக்கக் கரையில் கடல் மட்டம் 128 மில்லிமீட்டர் உயர்ந்தது. புயல் எதுவும் இல்லாமல், வெறும் நீரோட்ட மாற்றத்தாலும் காற்றாலும். ஐஸ்லாந்து அரசு 2025இல் இந்தச் சுழற்சியின் சாய்வைத் தேசியப் பாதுகாப்பு ஆபத்தாக அறிவித்ததை மிகையென்று சொல்ல முடியாது. மீன்பிடியும் துறைமுகங்களும் அந்த வெந்நீரை நம்பித்தான் இருக்கின்றன.

தெற்கே

அண்டார்டிகாவில் கதை வேறு. அங்கே உலகின் மிகக் கனமான கடல் நீர், கரையோரத்தின் சில இடங்களில் மட்டும் உருவாகிறது: வெடல் கடல், ராஸ் கடல், அடேலி கரை, டார்ன்லி முனை. பீடபூமியிலிருந்து சரிந்து வரும் கடுங்காற்று, உறையும் கடல் பனியை உறைய உறைய அப்பால் தள்ளுகிறது. திறந்த நீர் மறுபடி உறைகிறது. உறையும்போது பனி உப்பை வெளியே துப்பும். அந்த உப்பு சேர்ந்து கனத்த நீர் கண்டச் சரிவில் வழிந்து நாலாயிரம் மீட்டருக்குக் கீழே பரவி, மூன்று பெருங்கடல்களின் அடியையும் நிரப்புகிறது. ஆழக்கடல் உயிர்களுக்கு ஆக்ஸிஜன் கொண்டுபோவதும் அதுதான்.

ஆக, அங்கே கடல் பனி உறைவதால் உப்பு கூடுகிறது. நிலப்பனி உருகுவதால் உப்பு குறைகிறது. இரண்டும் ஒரே கரையில் மோதுகின்றன. கிரீன்லாந்தின் உருகுநீர் மூழ்குமிடத்தைத் தேடிப் போக வேண்டும். அண்டார்டிகாவில் அது மூழ்குமிடத்திலேயே விழுகிறது. 2010 பிப்ரவரியில் பி09பி என்ற பனிமலை மெர்ட்ஸ் பனியாற்றின் நாக்கில் மோதி அதை முறித்தது. பனியை அணைபோல் தடுத்து நிறுத்திய நாக்கு போனதும் அருகிலிருந்த திறந்த நீர்ப்பரப்பு சுருங்கியது, அங்கே கனத்த நீர் உற்பத்தி சரிந்தது. ஒரு பனிமலை மோதியதற்கே இந்த விளைவு.

ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கேயுள்ள ஆழ்படுகையில் எடுத்த அளவுகள், 1994க்கும் 2009க்கும் இடையே அடிநீர் வரத்து தளர்ந்ததையும் ஆக்ஸிஜன் குறைந்ததையும் காட்டின. பிறகு ராஸ் கடலில் தற்காலிகமாகக் கடல் பனி உறைவது கூடி ஓரளவு மீட்சி வந்தது. 2023இல் ஆஸ்திரேலியாவின் மேத்யூ இங்கிலாந்து உள்ளிட்ட குழு, உருகுநீரையும் சேர்த்து நுணுக்கமான மாதிரி ஒன்றை ஓட்டியது. உமிழ்வு இன்றைய போக்கில் மிகுதியாகத் தொடர்ந்தால் 2050க்குள் அண்டார்டிக் அடிநீரின் ஓட்டம் 40 சதவீதத்துக்கு மேல் குறையும் என்பது முடிவு. அட்லாண்டிக்கைப் பற்றி இப்படி ஒரு மதிப்பீடு வந்திருந்தால் வாரக்கணக்கில் விவாதம் நடந்திருக்கும். இதற்கு அந்த அளவு கவனம் கிடைக்கவில்லை.

இதில் ஒரு நச்சுச் சுழல் ஒளிந்திருக்கிறது. நன்னீர்ப் படலம் மேலே பரவினால், கீழேயுள்ள சற்றே வெதுவெதுப்பான ஆழநீரின் வெப்பம் மேலேறிக் காற்றுக்குப் போக வழியில்லை. அந்த நீர், நிலப்பனியின் நீட்சியாகக் கடலில் மிதக்கும் பனித்தட்டுகளுக்கு அடியில் நுழைந்து அவற்றைக் கீழிருந்து அரிக்கும். உருகுநீர் மேலும் கூடும். மேற்கு அண்டார்டிகாவின் துவெய்ட்ஸ் பனியாற்றில் நடப்பதில் வெதுவெதுப்பான நீரின் கை இருப்பது உறுதி. தமிழ்நாட்டைப் போல் ஒன்றரை மடங்கு பரப்புள்ள அந்தப் பனியாறு கடல் மட்டத்துக்குக் கீழான பாறையில் உட்கார்ந்திருக்கிறது, உள்ளே போகப் போகப் பாறை ஆழமாகிறது. பின்வாங்கத் தொடங்கினால் நிற்க இடம் குறைவு. ஜான் மெர்சர் என்ற பனியியலாளர் 1978லேயே மேற்கு அண்டார்டிகாவைப் பற்றி எச்சரித்திருந்தார்.

ஆனால் தென் கடல் எல்லாக் கணிப்புகளையும் ஒழுங்காகக் கேட்டு நடப்பதில்லை. நன்னீர் சேர்ந்து மேற்பரப்பில் உப்பு குறையும் என்பதே எதிர்பார்ப்பு. சில பத்தாண்டுகள் அப்படித்தான் இருந்தது. 2015ஐ ஒட்டிப் போக்கு திரும்பி மேல்நீரில் உப்பு கூடத் தொடங்கியதைச் செயற்கைக்கோள் தரவுகள் காட்டுவதாக 2025இல் அலெஸாண்ட்ரோ சில்வானோவின் குழு தெரிவித்தது. அதே காலத்தில் அண்டார்டிகாவின் கடல் பனியும் சரிந்தது. 2023 குளிர்காலத்தில் இதுவரை காணாத அளவுக்குக் குறைந்தது. உப்பு கூடியதால் ஆழத்து வெப்பம் மேலேறிப் பனியை உருக்கியிருக்கலாம் என்பது அவர்கள் விளக்கம். நன்னீர் கூடினாலும் ஆபத்து, உப்பு கூடினாலும் ஆபத்து என்றால் குழப்பமாகத் தோன்றும். முதலாவது பனித்தட்டின் அடியைத் தின்கிறது, இரண்டாவது கடல் பனியின் பரப்பைத் தின்கிறது. எது எங்கே, எவ்வளவு காலம் மேலோங்கும் என்பதைச் சொல்ல அங்கே குளிர்காலத்தில் போதுமான கருவிகள் இல்லை. வடக்கில் இருப்பதைப் போல் கடலைக் குறுக்காக அளக்கும் நிரந்தர வரிசையும் இல்லை.

இந்தியாவும் இந்த அளவீட்டில் கொஞ்சம் பங்கெடுத்திருக்கிறது. சென்னை பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் உருவாக்கிய இண்டார்க் என்ற கருவித் தொகுப்பு 2014இல் நார்வேயின் ஸ்வால்பார்டில், காங்ஸ் ஃபியோர்டில், 192 மீட்டர் ஆழத்தில் இறக்கப்பட்டது. அட்லாண்டிக்கின் வெந்நீர் ஆர்க்டிக்குக்குள் நுழையும் வாசலருகே உள்ள இடம் அது. ஆர்க்டிக் மாற்றங்களுக்கும் நம் பருவமழைக்கும் என்ன தொடர்பு என்று அறிவது நோக்கங்களில் ஒன்று. தெற்கில் மைத்ரி, பாரதி நிலையங்கள் இருக்கின்றன. ஆனால் வங்கக் கடலின் அடிநீர் எங்கிருந்து வருகிறதோ அந்தப் பாதையில் தொடர்ந்து அளக்கும் பெரிய முயற்சிக்கு இன்னும் இடம் இருக்கிறது.

தெற்கை நாம் கூர்ந்து பார்க்க மற்றொரு காரணமும் உண்டு. பனி விரிப்பு என்பது மாபெரும் நிறை. தன் ஈர்ப்பால் சுற்றியுள்ள கடல் நீரைத் தன் பக்கம் இழுத்து வைத்திருக்கிறது. அது உருகினால் இழுப்பு தளரும், அருகே சுமார் 2,000 கிலோமீட்டர் வரை கடல் மட்டம் உண்மையில் இறங்கும், அந்த நீர் தொலைவில் போய்ச் சேரும். கிரீன்லாந்து உருகினால் ஐஸ்லாந்தில் கடல் இறங்கவும் கூடும். மேற்கு அண்டார்டிகா உருகினால் உலகச் சராசரியைவிடக் கூடுதலாகக் கடல் உயரும் இடங்களில் வட அமெரிக்கக் கரைகளும் இந்தியப் பெருங்கடலும் அடங்கும் என்று 2009இல் ஜெரி மிட்ரோவிகா குழுவும் ஜொனாதன் பாம்பர் குழுவும் தனித்தனியே கணக்கிட்டன. துவெய்ட்ஸ் முழுதாகப் போனால் உலகச் சராசரி உயர்வு சுமார் 65 சென்டிமீட்டர். எண்ணூர் முதல் வேதாரண்யம் வரையிலான கரைக்கும், யாழ்ப்பாணத்தின் தாழ்ந்த தீவுகளுக்கும் திட்டமிடுகிறவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தச் சராசரியை அல்ல, அதற்கு மேலான ஓர் எண்ணை.